ஸ்டியரிங்கில் தொங்கிய சிவப்புச் சீட்டு

டார்வின் முகாம்,
அக்டோபர் 11

அன்புள்ள ஜாரட்டுக்கு,

இடுப்பு எலும்பு கூடி வருகிறது என்று உன் அம்மா சொன்னார். சந்தோஷம். போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம், படித்துவிட்டுக் கிழி.

இங்கே மழை இன்னும் இறங்கவில்லை. புழுக்கத்தில் எல்லோரும் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறோம். உன் கட்டிலை யாருக்கும் கொடுக்க விடவில்லை. அதன் மேல் என் பூட்ஸை வைத்திருக்கிறேன், மன்னித்துக்கொள்.

வெள்ளிக்கிழமை லெப்டினன்ட் ஃபேர்லி பழக்கூடையோடு உன் ஆஸ்பத்திரிக்கு வரப்போவது தெரியும். கையில் ஒரு காகிதமும் இருக்கும். ஓடைச் சரிவில் நீ வேகமாக ஓட்டினாய், அதனால்தான் நம் கவச வண்டி பன்யிப் உருண்டது, சார்ஜென்ட் விக்கரி இறந்தார் என்று அதில் எழுதியிருக்கும். நீயே அப்படித்தான் நம்புகிறாயாம். உன் அம்மா அழுதார்.

ஸ்குவாட்ரன் அலுவலகப் பலகை நினைவிருக்கிறதா? மூன்று டிரூப், டிரூப்புக்கு இரண்டு பேட்ரோல், பேட்ரோலுக்கு மூன்று வண்டி. ஆம்புலன்ஸும் பழுதுபார்க்கும் வண்டியும் மேஜரின் கட்டளை வண்டியும் கீழ் வரிசையில். ஓடும் வண்டிக்குப் பச்சை வில்லை, ஓடாததற்குச் சிவப்பு. இன்றும் போய்ப் பார்த்தேன். எல்லாம் பச்சை. எட்டுச் சக்கரமும் வானம் பார்த்துக் கிடந்த பன்யிப்புக்கும் பச்சை! ஒரு மனிதனைப் புதைத்த பிறகும் பலகையில் குறை தெரியக்கூடாதாம்.

பயிற்சிக்குக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் நம் ஸ்டியரிங் பம்ப்பைக் கழற்றி மேஜர் வண்டிக்குப் போட்டார்கள். அங்கிருந்த பழையது நமக்கு வந்தது. ஒன்றின் உறுப்பை இன்னொன்றுக்கு மாட்டி ஒப்பேற்றுவது நமக்குப் பழகிப்போனதுதான். மேலே இருப்பவன் வண்டி ஓட வேண்டும். கீழே இருப்பவன் சமாளிக்க வேண்டும். ஆனால் மெக்கானிக் கூலூரிஸ் சமாளிக்கவில்லை. ஆயில் கசிகிறது, ஓட்டக்கூடாது என்று எழுதி ஸ்டியரிங்கில் சிவப்புச் சீட்டைத் தொங்கவிட்டார். அதை அறுத்துச் சட்டைப்பைக்குள் போட்டவர் ஃபேர்லி. "ரெண்டு வண்டிய வெச்சுக்கிட்டு என்னய்யா பேட்ரோல்? ஜெனரல் வர்ற நேரத்துல பலகையில சிவப்பு தெரியணுமா?" என்றார். "சார், ஸ்டியரிங் போச்சுன்னா பதிமூணு டன்னும் எந்தப் பக்கம் சாயும்னு அதுக்கே தெரியாது" என்றார் சார்ஜென்ட். "நாலு நாள் தாங்கும் விக்கரி. பையனை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லு." நீ இறுக்கித்தான் பிடித்தாய். பீரங்கி இருக்கையிலிருந்து உன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். "திரும்ப மாட்டேங்குது, திரும்ப மாட்டேங்குது" என்று இரண்டு தடவை கத்தினாய். வேகமாக ஓட்டியவன் பேச்சா அது?

இதை முதல் விசாரணையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். "டிரைவர் பக்கம் எனக்குத் தெரியாது சார்" என்றேன். பயம். வேறு பெயர் சொல்ல மாட்டேன்.

போன வாரம் நொறுங்கிய வண்டிக்குள் நம் பொருள்களைப் பொறுக்க அனுப்பினார்கள். தோட்டாப் பெட்டிக்குள் சீட்டுக்கட்டு இருந்தது. அதற்குள் அந்தச் சிவப்புச் சீட்டு. உனக்கு நினைவு வருகிறதா? விபத்துக்கு முந்தைய நாள், மதியச் சாப்பாடு முடிந்து, வண்டி நிழலில் ஐந்நூறு புள்ளிச் சீட்டாட்டம் ஆடினோம். புள்ளி எழுதக் காகிதம் இல்லை. ஃபேர்லி பையிலிருந்து இதை எடுத்து, "இதுக்காவது உதவட்டும்" என்று பின்பக்கம் கோடு போட்டார். நால்வரும் சிரித்தோம். அவருக்கு ஜோடி ஆடிய நான்தான் அதிகம் சிரித்தேன்.

முன்பக்கம் கூலூரிஸின் கையெழுத்து, வண்டி எண், தேதி. பின்பக்கம் ஃபேர்லியின் கையெழுத்து: "விக்கரி–ஜாரட் 440, நான்–டல்லி 260." அந்த 'நான்' அவர்தான். சீட்டையே பார்க்கவில்லை என்று விசாரணையில் சொன்னவர், தான் தோற்றுக்கொண்டிருந்ததை அதன் முதுகிலேயே எழுதி வைத்திருக்கிறார்.

திங்கட்கிழமை அதை விசாரணை அதிகாரியிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கினேன். வாக்குமூலத்தையும் மாற்றிக் கொடுத்தேன். நகல் ஒன்று சார்ஜென்ட்டின் மனைவி லியானிடம் இருக்கிறது. பின்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு, "அவர் ஆட்டம்தான் இது. ஏலத்துல ஏழு ஹார்ட்ஸுக்குக் குறைஞ்சு கேக்கவே மாட்டார்" என்றார். பிறகு, "அந்தப் பையன் மேல பழி விழக்கூடாது" என்றார். உன்னைத்தான் சொன்னார். இன்னொரு நகல் இந்த உறைக்குள் இருக்கிறது.

நேற்று ஃபேர்லி என்னைக் கூப்பிட்டார். "கார்ப்பரல் பயிற்சிக்கு உன் பேரை அனுப்பினதே நான்தான் டல்லி. ஒரு சீட்டாட்டக் காகிதத்துக்காக அதைக் கெடுத்துக்கணுமா?" என்றார். "பேரை எடுத்துடுங்க சார். அப்படியே பலகையில அந்தப் பச்சையையும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பழத்தைத் தின்னு. பேனாவைத் தொடாதே.

அந்த ஆட்டத்தில் ஐந்நூறைத் தொட உனக்கு இன்னும் அறுபது புள்ளி பாக்கி. உனக்கு எதிரே உட்கார்ந்து ஆடியவர் இனி வர மாட்டார். அவர் அளவுக்கு எனக்கு ஆடத் தெரியாது. ஆனாலும் லீவு கிடைத்ததும் சீட்டுக்கட்டோடு வருகிறேன். உனக்கு எதிர் நாற்காலியில் உட்கார விடு.

உன் எலும்பும் மனசும் சீக்கிரம் கூடட்டும்.

உன் தோழி,
ப்ரோன்வின் டல்லி