கை நனைக்காமல் மூன்று நாட்கள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் முருங்கை மரத்தைப் பற்றி அடுத்த வீட்டுக் கங்கையம்மாளுடன் இந்த மாதத்தின் முதல் சண்டை. மரம் அவருடையது. அதன் கம்பளிப்பூச்சிகள் மட்டும் எங்கள் சுவரில் குடியிருக்கின்றன. ராஜகீழ்ப்பாக்கத்தில் இந்தத் தெரு முழுவதும் ஒரு காலத்தில் அவர் மாமனாரின் நெல்வயல். அதனால் கம்பளிப்பூச்சிகளுக்குப் பூர்வீக உரிமை உண்டு என்று நினைக்கிறார் போல.

மாலையில் மகள் ஸ்ம்ருதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உதயாவின் அப்பாவும் அம்மாவும் ஆவணி பிறந்ததும் கோவில்பட்டியிலிருந்து வருகிறார்களாம். உதயாவும் இவளும் ஒரே அலுவலகம். கல்யாணம் செய்துகொள்வதென்று இருவரும் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். பெரியவர்கள் முடிவு செய்ததாக நாங்கள் நடித்தால் போதும். ஆனால் உதயாவின் அம்மா லோகநாயகி இன்னும் நடிக்க ஒப்புக்கொள்ளவில்லை. "பொண்ணையும் வீட்டையும் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றிருக்கிறார்.

"வேண்டாம்னு சொல்லிட்டா?"

"அவங்க மனசார ஓகே சொல்லாம நான் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்ப்பா."

சொல்லிவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அணைந்திருந்தது.

லோகநாயகி சென்னைக்கு வருவது இதுவே முதல் முறை. எங்கே தங்க வைப்பது? எங்கள் மாடியறையை ஒழித்துவிடலாம் என்றேன். என் மனைவி ஹேமா என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பேச்சு முடியாம பொண்ணு வீட்டுல கை நனைப்பாங்களா?"

மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லும்வரை பெண் வீட்டில் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று பொருள். முப்பத்தோரு ஆண்டு கல்லூரி நூலகராக இருந்தவன் நான். இந்த விதி எந்த நூலில் இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எதிலும் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காபி குடித்தால் கை நனைத்ததாகுமா? ஆகாது என்கிறாள் ஹேமா; டம்ளரின் வெளிப்பக்கம் காய்ந்துதானே இருக்கிறது. பிஸ்கட்? ஆகாது. பஜ்ஜி? யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

எங்கே தங்குவது என்று நான்கு பேரிடம் கேட்டது தப்பு.

ஹேமாவின் அண்ணன் சத்யநாராயணன் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். அவர் வரைபடத்தில் சென்னை கிண்டியோடு முடிந்துவிடுகிறது. "தாம்பரத்துல தங்கினா சென்னை பாத்ததாவே கணக்கு இல்ல மாப்ளே. தி.நகர்ல ரூம் போடு. காலை எடுத்து வெளிய வெச்சா கூட்டம்!" கோவில்பட்டியிலிருந்து ஒருவர் ராத்திரி முழுக்க ரயிலில் வந்து கூட்டத்தில் ஏன் கால் வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

என்னோடு நூலகத்தில் வேலை பார்த்த அந்தோணிசாமி எழும்பூர்தான் என்றார். எதிர்வீட்டு கீதா டீச்சர் மயிலாப்பூர். வாக்கிங் வரும் சிவகுமார் திருவல்லிக்கேணி பேச்சிலர் மேன்ஷன். அங்கே இரண்டு பெரியவர்கள் எப்படித் தங்குவார்கள் என்றதற்கு, "அட்ஜஸ்ட் பண்ணிப்பாங்க சார், அந்த எடமே ஒரு தனி மூடு" என்றார். பிறகுதான் புரிந்தது. யாரைக் கேட்டாலும் தாங்கள் இளமையாக இருந்த இடத்தைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். வருகிறவர்களுக்கு அங்கே அறை கிடைக்கலாம். அந்த வயது கிடைக்காது.

பெரும்பாக்கத்தில் உதயா தங்கியிருக்கும் ஃபிளாட்டைப் பற்றி விசாரித்தேன். நான்கு பேர், ஒரு குளியலறை, சமையலறையில் இரண்டு சைக்கிள்கள். விசாரணை முடிந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நானும் ஹேமாவும் நேரில் பார்க்கப் புறப்பட்டோம். முதல் விடுதியில் ஜன்னலைத் திறந்தால் ரயில் உள்ளே வந்துவிடும் போலிருந்தது. இரண்டாவது விடுதியில் வரவேற்பு மேசையில் இருந்தவர் தலை நிமிராமலே, "எத்தன மணி நேரத்துக்கு சார்?" என்றார். எனக்கு அறுபத்திரண்டு வயது. பஸ் ஸ்டாப் வரும்வரை ஹேமா சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பல நாளாகிறது. அந்த விடுதிக்கு என் நன்றி.

மூன்றாவது, சேலையூர்ப் பக்கம் புதிதாகக் கட்டியது. வெள்ளை விரிப்பு, வெந்நீர், காலை டிபன் இலவசம். இரண்டு நாளுக்குப் பதிவு செய்து பணமும் கட்டியாயிற்று. பெருநகரத்தில் இடம் தேடுவது பெரிய விஷயமில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

பெரிய விஷயம்தான்.

உதயா போன் செய்தான். அவன் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். "ரூம்ல காலை டிபன் சேந்ததாமே. ரூமுக்குப் பணம் கெட்டுனது யாரு? அப்ப அது பொண்ணு வீட்டு இட்லிதான?"

இப்படி ஒரு மூளை கோவில்பட்டியில் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நீதிமன்றங்களுக்குத்தான் நஷ்டம்.

சரி, பணத்தை நான் கட்டுகிறேன் என்று உதயா சொல்லியிருக்கிறான். "நீ ஏற்கெனவே பாதி அந்த வீட்டுப் பிள்ள" என்று பதில். அவன் அப்பா தட்சிணாமூர்த்தி கட்டினால்? "கூப்பிட்டவுக இருக்கையில நாம லாட்ஜுல தங்குனா அவுகளுக்கு மரியாதையா?" ஆக, நாங்கள் பணம் கட்டினால் எங்கள் இட்லி. அவர்கள் கட்டினால் எங்கள் அவமானம்.

பதிவை ரத்து செய்துவிட்டேன். ஸ்ம்ருதி இரவு சாப்பாட்டுக்கு வரவில்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டேன். "அவங்களுக்கு வர இஷ்டம் இல்லப்பா. அதான் காரணம் தேடறாங்க."

அப்படியா? நிஜமாவே அப்படியா? ஒரு இட்லிக்காகவா எம் பொண்ணு இப்படிக் கதவ சாத்திக்கிட்டு — எனக்கு ஒண்ணும் புரியல.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் சுவருக்கு மேலே கங்கையம்மாளின் தலை.

"இன்னா சார், மூஞ்சி தொங்கிகினு கீது? கம்பளிப்பூச்சி கடிச்சிடிச்சா?"

சண்டை போடும் தெம்பில்லை. நடந்ததைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை.

"அந்தம்மா சொல்றது நாயந்தான. முறைன்னா முறை. எங்க மேல் போர்ஷன் ரெண்டு மாசமா காலியாத்தான கீது. எங்க வூட்டு விருந்தாளியா வரட்டும். சுவத்துக்கு இந்தாண்ட நானு, அந்தாண்ட நீ. உனக்கும் எனக்கும் இன்னா சம்மந்தம்?"

உதயா இதைத் தன் அம்மாவிடம் சொன்னான். அவர் கேட்டது, அந்தப் பக்கத்து வீட்டம்மா பெண் வீட்டாருக்கு வேண்டியவரா என்று. பையன் உண்மையைச் சொன்னான்: "இருபது வருஷமா சண்டைம்மா."

"அப்பச் சரி."

முருங்கை மரத்தால் எனக்குக் கிடைத்த முதல் நன்மை.

ஆகஸ்ட் 16, சனி

கங்கையம்மாள் மாடியைக் கழுவினார். தண்ணீர் மொத்தமும் எங்கள் வாசலுக்கு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

நாளை விடியற்காலை வருகிறார்கள். இன்று புதிய சிக்கல். சனிக்கிழமை குன்றத்தூர் மலைக்குப் போவதற்காக லோகநாயகி விரதத்தில் இருக்கிறாராம். கங்கையம்மாள் ஹேமாவைச் சுவரருகே கூப்பிட்டுச் சொன்னார்: "எங்க வூட்டுச் சட்டில நாளு தவறாம மீனு. விரதம் இருக்கறவங்களுக்கு அதுல ஆக்கிப் போட்டா முருகன் என்னாண்ட வந்து கேப்பாரு. நீ செஞ்சி குடு ஹேமா. நான் மேல எடுத்துனு போய் வெக்கிறேன்."

"அப்போ அது பொண்ணு வீட்டு இட்லி ஆயிடாதா?" என்றேன்.

"சுவரைத் தாண்டிட்டா அது கங்கையம்மா வீட்டு இட்லி" என்றாள் ஹேமா.

தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உங்க மூஞ்சியப் பாக்காத வரைக்கும் தெரியாது" என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

தாம்பரம் ஸ்டேஷனில் ஆறு மணிக்கு இறங்கினார்கள். லோகநாயகி குள்ளமாக, நேராக நின்றார். கையில் ஒரு பை. அதை யாரிடமும் தரவில்லை. தட்சிணாமூர்த்தி சிரித்தார், அவ்வளவுதான். ஆட்டோவில் ஏறும் முன் லோகநாயகி சுற்றிலும் பார்த்தார்.

"மெட்ராஸு எங்க இருக்கு?"

"இதுதாங்க" என்றேன்.

"இதுவா?" என்றார். சத்யநாராயணன் அங்கே இருந்திருந்தால் அவர் காலில் விழுந்திருப்பார்.

ஏழரை மணிக்கு முக்காலி போட்டு ஏறி நின்று, இட்லியையும் சாம்பார் தூக்குவாளியையும் சுவருக்கு மேல் நீட்டினேன். கங்கையம்மாள் வாங்கிக்கொண்டார். இருபது ஆண்டுகளில் அந்தச் சுவரைத் தாண்டி நாங்கள் பரிமாறிக்கொண்ட முதல் நல்ல பொருள்.

மாலையில் முறைப்படி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். லோகநாயகி காபி குடித்தார். பஜ்ஜியைப் பார்த்தார், பஜ்ஜி கை நனைப்பதில் சேரும் போலிருக்கிறது, தொடவில்லை. ஸ்ம்ருதியிடம் கேட்டார்: "சமைக்க வருமா?"

"வராது ஆன்ட்டி. உதயாவுக்கு நல்லா வரும்."

"அவனுக்கா?"

பஜ்ஜி ஆறியது.

அவர்கள் போனதும் ஹேமா அடுக்களையிலிருந்து வந்தாள். "காலையில எந்தத் தூக்குல ஊத்திக் குடுத்தீங்க?"

"பெருசுல."

"ஐயோ!"

பெரிய தூக்கில் பெயர் வெட்டியிருக்கிறது. 'ஹேமாவதி - ராஜகோபாலன் திருமணம் 9.9.93. சத்யநாராயணன் அன்பளிப்பு.' ஊர் ஒன்றுதான் இல்லை. முப்பத்தோரு ஆண்டு ஒவ்வொரு நூலிலும் முத்திரை குத்தி, திருடனைக் கண்டுபிடிக்க உள்ளே இன்னொரு முத்திரையும் குத்தியவன் நான். என் வீட்டுப் பாத்திரத்தின் முத்திரை என் கண்ணில் படவில்லை.

தூக்கைத் திரும்ப வாங்கச் சுவருக்கு ஓடினேன். கங்கையம்மாள் சொன்னார்: "கேட்டேன் சார். 'இருக்கட்டும், நானே குடுத்துக்குதேன்'னு அந்தம்மா உள்ள எடுத்து வெச்சிகிச்சு."

போச்சு. ஏமாத்திட்டாங்கன்னு நினைப்பாங்க. நினைச்சா தப்பும் இல்லையே. ஸ்ம்ருதிகிட்ட சொல்லவா, வேணாமா? சொல்லல.

ஆகஸ்ட் 23, சனி

காலை டிபனை ஹேமா பெயரில்லாத பிளாஸ்டிக் டப்பாவில் அனுப்பினாள். கங்கையம்மாள் வந்து சொன்னார்: "நேத்து பாத்திரமே நல்லா இருந்திச்சாம், சூடு நின்னுச்சாம். அந்தம்மா சொல்லிச்சு."

இதற்கு என்ன அர்த்தம்? நானும் ஹேமாவும் குன்றத்தூர் போகும்வரை காரில் இதையே யோசித்தோம். கார் நிறைய ஆட்கள் இருந்ததால் பேசாமல் யோசித்தோம்.

லோகநாயகி கைப்பிடியைத் தொடாமல் மலையேறினார். நான் பிடித்துக்கொண்டு ஏறினேன். தரிசனம் முடிந்து, மேலேயிருந்து ஊரைப் பார்த்தார். கண்ணுக்கு எட்டியவரை மொட்டை மாடிகளும் தண்ணீர்த் தொட்டிகளும்.

"இம்புட்டு வீடு கெடக்கு. இதுல எங்க ரெண்டு பேருக்கு எடம் கெடைக்கலன்னா தேடுனீக?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. ஸ்ம்ருதியை மட்டும் அழைத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தார். அரை மணி நேரம். தூரத்திலிருந்து பார்த்தபோது பெண் கண்ணைத் துடைப்பது போலவும் இருந்தது, சிரிப்பது போலவும் இருந்தது. கண்ணாடியை மாற்ற வேண்டும்.

திரும்பும்போது என்ன பேசினார் என்று கேட்டேன். "அங்கிளுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதாம்ப்பா. உதயாவுக்கு யார் சமையல் கத்துக்கொடுத்தாங்கன்னு கேட்டுட்டே இருந்தாங்க."

"யார்?"

"யூடியூப்."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாலை ரயில். பத்து மணிக்கு லோகநாயகி எங்கள் வாசலில் நின்றார். கையில் தூக்குவாளி. சத்யநாராயணனின் அன்பளிப்பு எங்களைப் பார்த்தபடி இருந்தது.

ஹேமாவின் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. உள்ளே விளிம்புவரை கடலை மிட்டாய்.

"பாத்திரத்த வெறுமனே குடுக்கக்கூடாதுல்ல" என்றார். ஹேமா பேச வாயெடுத்தாள். அவர் விடவில்லை. "மத்தியானச் சாப்பாடு இன்னைக்கு இங்கதான். எல போட்டு வைங்க. அந்த கங்கையம்மாளையும் கூப்பிடுங்க. இனிமே அண்ணாச்சி முக்காலி போட்டு ஏற வேண்டாம். மாடி ஜன்னல்ல நின்னு பாக்கையில எனக்குத்தான் பதறுச்சு, விழுந்துகிழுந்து வச்சுருவாகளோன்னு."

நான் முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஸ்ம்ருதியின் அறைக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

தட்சிணாமூர்த்தி இந்த மூன்று நாளில் முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். "சாம்பார் நல்லா இருந்துச்சு."

ஆறு இலை. ஏழாவது கங்கையம்மாளுக்கு. கை கழுவும்போது அவர் என்னிடம், "கெளைய வெட்டிக்கோ சார், போ" என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டிருந்தது. தாம்பரத்தில் கல்யாணப் பாத்திரம் வாங்கினோம். பெயர் வெட்டுகிறவர் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன பெயர் போட வேண்டும் என்றார். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஹேமா கோவில்பட்டிக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் வைத்தாள்.

"எந்தப் பேரு வேணும்னாலும் போடுங்க மதினி. எழுத்த மட்டும் பெருசா வெட்டச் சொல்லுங்க. அன்னைக்கு அந்தத் தூக்குல பொடிப்பொடியால்ல இருந்துச்சு? இட்லியப் பிட்டுக் கையில வச்சுக்கிட்டு, கண்ணாடியத் தேடிப் போட்டு, முழுசாப் படிச்சுட்டுல்ல வாயில வச்சேன்."

ஹேமா என்னைப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கே கை நனைத்தாயிற்று. அதன் பிறகு மூன்று நாள்.

"சார், எழுத்து எப்படி?" என்றார் வெட்டுகிறவர்.

பெரிதாக என்றேன்.