கிராமம் நான்கின் பெயரை நான் சொல்ல மாட்டேன்

என் செல்லச் சண்டைக்காரி சுமதிக்கு,

நாத்தனாரும் அண்ணியும் ஒரு கூரையின் கீழ் இருந்தால் வீடு ரெண்டுபடும் என்பார்கள். நீ போன பிறகு நம் வீட்டில் சண்டையே கிடையாது. அந்த அமைதியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இன்றைக்கு உன்னோடு நன்றாக ஒரு சண்டை போட வேண்டும். பதில் சொல்ல நீ இல்லை என்று தெரிந்தும் போட வேண்டும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது, வாய் போகவில்லை. உன் அண்ணன் கல்பாக்கம் பஸ்ஸில் இன்னும் அதே ஜன்னலோரம் பிடித்துத் தூங்கிக்கொண்டு போகிறார். என் மகள், அதுதான் உன் மருமகள், பத்தாவது வந்துவிட்டாள். எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிறாள். யார் ஜாடை என்று உனக்கே தெரியும். நான் அதே செங்கல்பட்டுக் கல்லூரியில் அதே பொருளாதாரத்தைக் கத்திக்கொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதம் என்றைக்காவது வேறு யார் கண்ணிலாவது படலாம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். பொறுத்துக்கொள்.

தொண்ணூறுகளின் நடுவில், முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையில் இருக்கும் மீனவக் குப்பங்களில் நீ வீடு வீடாக ஏறி இறங்கினாய். பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள், மீனை எங்கே காயவைக்கிறார்கள், எங்கே விற்கிறார்கள், வீட்டில் யார் குடிக்கிறார்கள், யார் அடிக்கிறார்கள், எல்லாம் கேட்டாய். லீவு நாளில் குடை பிடிக்க நானும் வந்தேன். ஒவ்வொரு வாசலிலும் பேனா மூடியைத் திறக்காமலே முதலில் ஒன்று சொல்வாய். "உங்க பேர் வெளிய வராது. உங்க ஊர்ப் பேரும் வெளிய வராது. இது என் வாக்கு." அவர்கள் தலையாட்டிய பிறகுதான் மூடி திறக்கும்.

சங்கடமான கேள்வி வரும்போது என் பக்கம் திரும்புவாய். "அண்ணி, கொஞ்சம் போய்க் கடலைப் பாருங்களேன்." எத்தனை முறை கடலைப் பார்த்தேன் சுமதி! சம்பளம் வாங்காமல் அவ்வளவு கடல் பார்த்தவள் இந்தக் கரையில் நான் ஒருத்திதான்.

ஆய்வு முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு தரவுக் காப்பகத்துக்கு அனுப்பினாய். அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டாள். "கருவாடு மாதிரிதாம்மா. நான் ஒருத்தி இன்னைக்கு ஆக்கித் தின்னுட்டா முடிஞ்சு போச்சு. உப்பு போட்டுக் காயவச்சு வச்சா வேற யாரோ வேற ஊர்ல வேற காலத்துல குழம்பு வைப்பாங்க" என்றாய். வேறு ஆராய்ச்சிக்காரர்கள், வாத்தியார்கள், மாணவர்கள், யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் பயன்படுத்தலாம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அம்மாவுக்குப் புரியவில்லை. "கருவாட்டை ஊருக்கெல்லாம் குடுத்துட்டு நமக்கு வேணும்போது யார்கிட்ட போய் நிப்பே?" என்றாள். அம்மா சும்மா சொன்ன சொல் இப்படிப் பலிக்கும் என்று யார் கண்டார்கள்?

அனுப்பும்போது குப்பங்களின் பெயரை எடுத்துவிட்டு, நாம் போன வரிசையிலேயே எண் கொடுத்தாய். ஆனால் வீடுகளை வரிசைப்படி எண்ணியிருந்ததால் ஒரு பயம் உனக்கு. எது எந்தக் குப்பம் என்று தெரிந்துவிட்டால், தெருக்கோடியிலிருந்து விரலை மடக்கி எண்ணியே யார் என்ன சொன்னார்கள் என்று கண்டுபிடித்துவிடலாம். அதனால் பெயரும் எண்ணும் சேர்ந்த தாளை உறையிலிட்டு ஒட்டி, காப்பகத்துக்கு ஒரு நிபந்தனையும் எழுதினாய். பதில் சொன்ன அத்தனை பெண்களும் சம்மதித்தால்தான் அந்தக் குப்பத்தின் பெயரைத் திறக்கலாம். ஒருத்தி மாட்டேன் என்றாலும் கூடாது. நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது இதை எனக்கு வாசித்துக் காட்டினாய். யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

அப்புறம் மார்பில் கட்டி வந்தது. நீ போனாய். நீ போன பிறகு கடல் எழுந்து வந்தது. அந்த அலையை நீ பார்க்கவில்லை என்பதில் எனக்கு ஒரு ஆறுதல். அதைப் பார்க்க நீ இல்லையே என்று ஒரு கோபமும் உண்டு.

உன் பிளாப்பிகளை நான் பீரோவில் துணி சுற்றித்தான் வைத்திருந்தேன். உப்புக் காற்று விடவில்லை. எல்லாம் பூசணம் பூத்துவிட்டது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. நீ வேலை பார்த்த இடத்தில் உன் அறையைக் காலி செய்து வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். உன் ஐந்து வருட உழைப்பு எங்கேயும் இல்லை என்று நினைத்தேன். கடைசியில் செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, காப்பகத்தின் தேடும் கட்டத்தில் உன் பெயரை அடித்தேன். திரையில் வந்தாய் சுமதி. உன் பெயர், உன் தலைப்பு, நீ எழுதிய விளக்கம். பக்கத்து நாற்காலிக்காரர் என்னம்மா ஆச்சு என்று கேட்கும்படி அழுதேன்.

பாடம் நடத்த வேண்டும் என்று எழுதிக் கேட்டேன், சிடியில் அனுப்பினார்கள். உன் தரவை வைத்துத்தான் இப்போது எங்கள் பிள்ளைகள் அட்டவணை போடப் பழகுகிறார்கள். அதுவரை பாடப்புத்தகத்தில் எங்கோ இருக்கும் நாட்டின் கோதுமையைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தார்கள். கருங்குழியிலிருந்து வருகிற ஒரு பெண் கேட்டாள், "மேம், இந்தக் கிராமம் நாலு எந்த ஊரு? இங்க பக்கத்துலதானே?" தெரியாதும்மா என்றேன். உனக்காகச் சொன்ன முதல் பொய் அது.

இனிமேல்தான் சண்டை.

அந்தக் கிராமம் நான்கின் கருவாட்டுக் களம் உனக்கு நினைவிருக்கும். குப்பத்துக்கும் ஈசிஆர் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் மணல்மேடு. பட்டா கிடையாது, வேலி கிடையாது, எல்லாப் பெண்களுக்கும் பொது. இப்போது அந்த இடம் தங்களுடையது, வெறுமனே கிடந்த தரிசு என்று ரிசார்ட்காரர்கள் கல் நட்டிருக்கிறார்கள். களம் போனால் அந்தப் பெண்களுக்குப் பிழைப்பு இல்லை. கடலுக்குப் போக ஆண்களுக்கு வழி இருக்கிறது. வந்த மீனைக் காயவைக்க இவர்களுக்கு வேறு இடமில்லை. எதிர்த்து மனுக் கொடுத்து விசாரணைக்குப் போனார்கள். "எல்லாக் குப்பத்துலயும் காலங்காலமா எங்க இடம்னுதான்மா சொல்றாங்க. அலைக்கு முன்னாடி எழுதி வச்சது ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார் அதிகாரி. இருந்த காகிதத்தை எல்லாம் அலை கொண்டுபோய்விட்டதே!

குப்பத்தில் முன்னே நின்று பேசுகிறவள் என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்துவிட்டாள். அவள் பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன், கன்னியம்மா என்று வைத்துக்கொள்.

"டீச்சர், உங்க நாத்தனாரு வூடு வூடா குந்திகினு எல்லாத்தையும் எழுதிகினு போச்சே, அது இன்னா ஆச்சு? எங்க கீது?"

அது என் மேஜை டிராயரில்தான் இருந்தது. அன்று மாலையே போட்டுப் பார்த்தேன். கிராமம் நான்கு, மீன் காயவைக்கும் இடம்: ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் பொதுக் களம், பொதுக் களம் என்று திரை முழுக்க வந்தது. எவ்வளவு காலமாக என்ற கேள்விக்கு, மாமியார் காலத்திலிருந்து. இதைவிட என்ன வேண்டும்? கிராமம் நான்கு இந்தக் குப்பம்தான் என்று காப்பகம் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது. உன் நிபந்தனையை எனக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள். அலையில் போனவர்களுக்கு வீட்டார் சம்மதம் போதும் என்று மட்டும் அவர்களாகச் சேர்த்திருந்தார்கள்; உயிரோடு இருப்பவர்கள் ஒருத்தி விடாமல் கையெழுத்துப் போட வேண்டும்.

குப்பத்துக்குப் போனேன். தனித்தனியாகத்தான் கேட்டேன், நீ கேட்டது போல. "எங்க பேரு வரக்கூடாதுன்னு நாங்கதான சொன்னோம்? இப்ப வரட்டும்னும் நாங்களே சொல்றோம்" என்று மளமளவென்று போட்டார்கள். கடைசியில் ஒருத்தி பேனாவை வாங்கி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"நான் போடல டீச்சர். களத்துலதான் நானும் நிக்கிறேன், அது போனா எனக்கும்தான் சோறு இல்ல. ஆனா அந்தம்மாகிட்ட நான் சொன்னது என்னோடயே போவணும்."

அவளைப் பற்றி இதற்கு மேல் ஒரு சொல் எழுத மாட்டேன்.

என்ன சொன்னாள் சுமதி உன்னிடம்? குப்பத்தின் சோற்றைவிடப் பெரிதாக அப்படி என்ன? நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் என்ன கேட்டாய், என்ன எழுதினாய்? வேண்டாம். சொல்லாதே. சிடி என் டிராயரில் இருந்தாலும் விரலை மடக்கி நான் எண்ண மாட்டேன்.

ஏன் இப்படி ஒரு நிபந்தனை போட்டாய்? முக்கால்வாசிப் பேர் போதும் என்று எழுதியிருந்தால் உன் கை ஒடிந்தா போயிருக்கும்? தூங்கவே முடியவில்லை. விசாரணையில் எழுந்து, "கிராமம் நான்கு இதுதான், நான் கூடவே போனேன்" என்று நானே சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த சிடியைக் கேட்டவர்களுக்கெல்லாம் காப்பகம் கொடுக்கிறது, என் வகுப்புப் பிள்ளைகளிடமே இருக்கிறது. நான் வாயைத் திறந்த மறுநாள் யாராவது தெருக்கோடியிலிருந்து விரலை மடக்க ஆரம்பிப்பார்கள். யோசித்து யோசித்து மண்டை வெடிக்கிறது. ஒரு வழியும் தெரியவில்லை எனக்கு.

சம்மதம் முழுசாகக் கிடைக்கவில்லை என்று கன்னியம்மாவிடம் சொன்னேன். தலையிலிருந்த கூடையை இறக்கினாள்.

"யாரு போடல?"

கையெழுத்துத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"ஒருத்திக்காக எங்க எல்லாரையும் நடுத்தெருவுல நிறுத்துவியா நீ? படிச்சவதானே? சொல்லு, யாரு?"

சொல்ல மாட்டேன் என்றேன். சும்மாட்டுத் துணியை முறுக்கினாள். அப்புறம் அவள் குரல் இறங்கியது.

"அப்ப நான் அந்தம்மாகிட்ட சொன்னது? அது உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீ பக்கத்துலதான இருந்த?"

"கடலைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. "சரி, சொல்லாத. அவளும் நாளைக்கு எங்க கூடத்தான் கூடை தூக்கணும். திங்கக்கிழம நாங்களே வந்து கத்துறோம். கத்துறதுக்கு யாரு கையெழுத்தும் வேணாம்" என்று சொல்லிக் கூடையை ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

வரும் திங்கட்கிழமைதான் விசாரணை. தோற்றுப்போவோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கத்துவதை எந்த அதிகாரி ஆதாரம் என்று எடுத்துக்கொள்வார்? உன் மருமகளே எடுத்துக்கொள்ள மாட்டாள். ஆனாலும் போகிறேன். அவர்களோடு கடைசி பெஞ்சில் உட்காருவேன். கையெழுத்துப் போடாதவளும் வருவாள், அவளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் அங்கேயே உட்காருவேன்.

அதிகாரி என் பக்கம் திரும்பி, "நீங்க காலேஜ் டீச்சராச்சே, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?" என்று கேட்கலாம். அந்த ஆபீஸ் ஜன்னலிலிருந்து கடல் தெரியாது சுமதி. எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையும் வேப்பமரமும்தான் தெரியும். ஆனாலும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அந்த நேரத்தில் நான் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாத்தனார் பேச்சைத் தட்டத் தெரியாத,
உன் அண்ணி