தோளில் கிடக்கும் கை

நேற்று பெய்த மழையில் தறிக்கொட்டகை ஒழுகியது. நூல் மூட்டைகள் மேல் போர்த்தியிருக்கும் உன் அஞ்சலி பேனரில் முகம் அளவுக்கு ஓர் ஓட்டை. தண்ணீர் அதன் வழியாகத்தான் இறங்கியது. அந்த ஓட்டையைப் போட்டவன் நான்.

உனக்கு எல்லாரும் ஃப்ரெண்டு. டீ ஆற்றுகிறவர், பள்ளிப்பட்டு பஸ் கண்டக்டர், முன்பின் தெரியாத ஆட்டோக்காரர், எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாய். எனக்கு எரிச்சலாக வரும். "அப்ப நான் யார்ரா?" என்று கேட்டேன். "நீயும் ஃப்ரெண்டுதான்பா" என்று சிரித்தாய்.

பக்கத்துத் தறி ஓட்டிய அவனும் உனக்கு ஃப்ரெண்டுதான். ஆடிக் கிருத்திகைக்கு நாம் திருத்தணி மலை ஏறியபோது, குடித்துவிட்டு வந்து உன் காவடியை வாங்கக் கை நீட்டினான். "குடிச்சிட்டு காவடியத் தொடாத ஃப்ரெண்டு, அடுத்த வருசம் தூக்கிக்க" என்றாய். அவ்வளவுதான். நாலு பேர் எதிரில் அவமானமாகிவிட்டதாம். இளநீர் வண்டியில் கிடந்த அரிவாளை எடுத்து உன் கழுத்தில் இறக்கினான். காவடிப் பூவெல்லாம் ரத்தம். என் மடியில்தான் துடித்து அடங்கினாய். பேப்பரில் 'நண்பர்களுக்குள் தகராறு' என்று போட்டார்கள். நண்பன் என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்காமல் போனது.

பேனர் கடைக்காரர் உன் பிறந்தநாளுக்கு அடித்த படத்தையே எடுத்து, எழுத்தை மட்டும் கண்ணீர் அஞ்சலி என்று மாற்றிவிட்டார். கீழே 'இப்படிக்கு நண்பர்கள்'. மேலே உன் தோளில் கைபோட்டபடி அவன் சிரிக்கிறான். கட்டி முடித்த பிறகுதான் பார்த்தோம். ஏணியில் ஏறி, நூல் அறுக்கும் கத்தியால் அவன் முகத்தை அறுத்தெடுத்தேன். கையையும் அறுக்கப் போனபோது உன் மனைவி கீழேயிருந்து தடுத்தாள். "வேணாண்ணா. அந்தக் கைய அறுத்தா அவரு தோளும் பூடும்."

அவன் ஜாமீனில் வந்துவிட்டான். இன்று காலை கே.ஜி.கண்டிகை டீக்கடையில் என் எதிரே வந்து நின்றான். "போதையில பண்ணிட்டேன் ஃப்ரெண்டு" என்று கையைப் பிடிக்க வந்தான். வாயிலேயே குத்தினேன். விழுந்தவனை மிதித்தேன். பல் உடைந்து ரத்தம் கொட்டியது. என் ஆத்திரம் அடங்கவில்லை. அவன் மணிக்கட்டைக் காலால் அழுத்திக்கொண்டு, இடுப்பிலிருந்த அதே கத்தியை உருவினேன். அந்தக் கை மண்ணில் விரிந்து கிடந்தது. படத்தில் உன் தோள்மேல் கிடக்கும் அதே கை.

அவன் மணிக்கட்டிலிருந்து என் காலை எடுத்துவிட்டேன். அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கத்தி இன்னும் என் இடுப்பில்தான் இருக்கிறது, ஃப்ரெண்டு.