அன்று இரவு அவள் எங்கே உறங்கினாள்?

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து மழை. யூனிபார்ம் காயவில்லை. இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், எனக்குப் பிடிக்காததையும்.

தமிழ் டீச்சர் கொடுத்த கட்டுரை: மூன்று காலத்து நாவல்களில் பெண் விடுதலை. நூலகத்தில் எடுத்தவை:
1. விதவை, மறுமணம். தாள் பொடிகிறது.
2. ஆபீஸ் போகிறவள். சம்பளம் மாமியார் கையில்.
3. இந்தக் காலம். விவாகரத்து.
மூன்றிலும் கடைசியில் அவள் வீட்டைவிட்டுப் போகிறாள்.

சித்தி, அம்மாவின் தங்கை, போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு பையோடு வந்தாள். என் அறையில்தான். சித்தப்பா அடித்ததில் இடது காது கேட்கவில்லை. வீட்டில் அதை யாரும் சொல்வதில்லை. "கோபத்துல வந்திருக்கா" என்பார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

மூன்றாவது நாவலைச் சித்தி முடித்துவிட்டாள். சாம்பாருக்கு உள்ளி உரித்துக்கொண்டே கேட்டாள்.
"வீட்ட விட்டுப் போனாள்லா, அன்னைக்கு ராத்திரி எங்க ஒறங்குனா?"
கதை அங்கேயே முடிந்துவிட்டது என்றேன்.
"எழுதினவளுக்கு எளுப்பம் மக்கா, அங்கயே முடிச்சிரலாம்."
இதைக் கட்டுரையில் எங்கே சேர்ப்பது? தெரியவில்லை.

நவம்பர் 8, சனி

வெயில். அப்பா நல்ல மனநிலை. கட்டுரையில் நாஞ்சில் நாட்டையும் சேர்க்கச் சொன்னார். அந்தக் காலத்தில் நம் குடும்பங்களில் சொத்து பெண்வழி. புருஷன் சரியில்லை என்றால் உறவை முறித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வரலாம், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.
"நாவல்காரங்க எழுததுக்கு முன்னாடியே நம்ம ஊருல இதெல்லாம் உண்டுன்னு போடு."
பெருமையாக இருந்தது. அப்படியே எழுதினேன்.
பிறகு ஃபோனை எடுத்தார். நாளைக்குக் காரில் வந்து சித்தியைக் கூட்டிப்போகும்படி சித்தப்பாவிடம் சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

சித்தப்பா வந்தார். சிரித்த முகம். டீ, ஏத்தங்காய் சிப்ஸ். கட்டுரையை வாசித்துக் காட்டும்படி அப்பா என்னிடம் சொன்னார். நாஞ்சில் நாடு வரும் இடத்தில் நிறுத்தினேன். சித்தி அடுக்களை வாசலில்.
"நிறுத்தாத. வாசி மக்கா."
வாசித்தேன். முடிந்ததும் சித்தி அப்பா பக்கம் திரும்பினாள்.
"கேட்டியளா அத்தான்? எங்கம்மை எனக்கும் அக்காவுக்கும் தந்த வீடு இது. நான் போவல."
அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தபடி, "அவளுக்குக் காது கேக்கல" என்றாள். அவ்வளவுதான்.
சித்தப்பா டீயைக் குடிக்கவில்லை. காரில் ஏறும்போது, "எத்தன நாளைக்குன்னு பாக்கேன்."

அப்பா சாப்பிடவில்லை. என் நூலக அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். அம்மாவோடும் பேச்சில்லை. நாளை என்ன ஆகும்? கட்டுரை பாதியில் நிற்கிறது.

சித்தி என் பக்கத்தில். கேட்கும் காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு உறங்குகிறாள். அப்பா கூடத்து விளக்கை அணைத்துவிட்டார்.