தாய் நக்க வேண்டிய இடம்

18-10-1992, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. முதியோர் வகுப்பில் எழுதப் பழகி நாலு மாதம்தான், கோபிக்கக் கூடாது.

தாய் நாய் லாரியில் அடிபட்டுச் செத்ததால், அதன் கண் திறக்காத குட்டியை நேற்று தூக்கி வந்தேன். பால் குடித்தும் மூத்திரம் போகவில்லை. இன்று வயிறு உப்பிவிட்டது.

"பொழைக்காதுப்பா, வெளியே வுட்டுடு" என்றான் மகன்.

"கொறைமாசத்துல பொறந்த உன்னையும் இப்படித்தான்டா சொன்னாங்க."

பால்காரம்மாதான் சொன்னாள்: "தாய் நக்கினாத்தான் ஒண்ணுக்குப் போவும் தாத்தா."

குட்டியை மடியில் வைத்து, வெந்நீரில் நனைத்த துணியால் அடிவயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தேன். வேட்டி நனைந்தது! அப்படியே மகன் முன்னால் போய் நின்றேன்.

"இன்னாப்பா இது?"

"மூத்திரம்டா. நல்லா பாத்துக்கோ."

வேட்டியை இன்னும் மாற்றவில்லை. அடுத்த வாரம் குட்டி கண் திறக்கும். அதையும் என் கையாலேயே எழுதுவேன்.