எழுதாமல் விட்ட எட்டு வளைவுகள்

எட்டுக்கை அம்மன் துணை

செம்மேடு

அன்பு மகள் தேன்மொழிக்கு அம்மா எழுதுவது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன் கண்ணு, அப்பா வீட்டில்தான் இருக்கிறார், உடம்புக்கு ஒன்றும் இல்லை, சாப்பிட்டுவிட்டுக் கொல்லையில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். போனில் பேசாமல் கடிதம் போட்டிருக்கிறாளே என்று உனக்குப் பதறும், அதனால்தான் இதை முதல் வரியில் வைத்தேன். காக்க வைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது. நீ புனேவில் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மனுக்கு விளக்குப் போட்டிருக்கிறேன். வீட்டில் இருப்பது ஒரே போன், நான் பேசினால் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். இது அவர் காதில் விழக்கூடாத சங்கதி.

இந்த வருஷம் மிளகு பரவாயில்லை, குச்சிக்கிழங்குதான் மழையில் பாதி அழுகிவிட்டது. அத்தாயி பெரியம்மாவுக்கு முழங்கால் வலி, நடக்கவே மாட்டேன் என்கிறார், ஆனால் சந்தைக்கு மட்டும் எல்லோருக்கும் முன்னால் போய் நிற்கிறார். உன் கதை வந்த பத்திரிகை போன மாதமே தபாலில் வந்துவிட்டது. உன் பேரை அச்சில் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். "அன்றைக்கு அப்பா வீடு திரும்பவில்லை" என்று ஆரம்பத்திலேயே போட்டுவிட்டாய். அப்புறம் அன்று காலையிலிருந்து ஆரம்பிக்கிறாய், அவர் பல் விளக்குகிறார், கஞ்சி குடிக்கிறார், என்னைக் கேலி பண்ணுகிறார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு லோடு வண்டியில் ஏறுகிறார். இந்த மனுஷன் திரும்பி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. போகாதீங்க போகாதீங்க என்று பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு நான் முனகியது அடுப்படிச் சுவருக்குத்தான் தெரியும்.

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு நம்பர் பலகை இருக்கிறதே, அதையே நீ கதைக்கும் போட்டிருந்தாய். மலை உச்சியில் எழுபதாம் வளைவுக்கு இரண்டு பக்கம் எழுதினாய், வண்டி இறங்க இறங்க ஒரு பக்கம், அரைப் பக்கம், நாலு வரி, ஒரு வரி என்று குறைத்துக்கொண்டே வந்தாய். எனக்கு மூச்சு முட்டியது சாமி, பஸ்ஸில் முன்கம்பியைப் பிடித்துக்கொள்வேனே, அதுபோல உட்கார்ந்த இடத்திலேயே ஒரு கையால் அம்மியைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் ஒன்பது என்று நம்பர் மட்டும் போட்டு, கீழே வெறும் வெள்ளைத் தாள். பக்கத்தைத் திருப்பினால் சோப்பு விளம்பரம். அச்சில்தான் விட்டுப்போயிருக்கும் என்று கடைக்கார சுபாஷிடம் போய், தம்பி இதில் ஒரு தாள் குறைகிறது, வேறு புத்தகம் வாங்கித் தா என்று கேட்டேன். அவன் படித்துப் பார்த்துவிட்டு, "இல்லீங்க அக்கா, வேணும்னேதான் உட்டிருக்குது" என்றான். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஏன் ஒன்பது என்று உனக்கும் எனக்கும்தான் தெரியும். பஸ் இறங்க ஆரம்பித்ததும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன், நீ என் மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டு வருவாய். ஒன்பதில் அடிவாரத்துக் காரவள்ளித் தென்னந்தோப்பு தெரியும். "அம்மா, ஒம்பது வந்துருச்சு, கண்ணத் தொறந்துக்கோ" என்பாய். அங்கே வந்தால்தான் எனக்கு உயிர் வரும். பயம் விட்டது என்று மனுஷர் மூச்சு விடுகிற இடம் அது. அந்த இடமாகப் பார்த்து அடித்திருக்கிறாயே கண்ணு.

என் பயம் கிடக்கட்டும், அது பழகின பயம். நான் எழுத வந்தது அப்பா சங்கதி. அவர் கதையெல்லாம் படிக்கிற ஆளா, கஞ்சிக்கு உட்கார்ந்தபோது என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் சீட்டி அடிப்பதையும், ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கும்பிடுவதையும் கேட்டுவிட்டு, "எம்புள்ள என்னய அப்படியே எழுதிப்புடுச்சே" என்று சிரித்தார். நம்பர்கள் குறையக் குறையச் சிரிப்பு நின்றது. நான் முடித்ததும் "அப்பறம்?" என்றார். அவ்வளவுதாங்க என்றேன். பாதிக் கஞ்சியோடு கையைக் கழுவிவிட்டார்.

அதற்கப்புறம் கீழே சேந்தமங்கலத்துக்கு லோடு கொண்டு போகும்போதெல்லாம் ஒன்பதில் வண்டியை நிறுத்தி, இறங்கி, வளைவைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி ஏறுகிறாராம். என்னிடம் மூச்சு விடவில்லை. போன சந்தையன்று மினி பஸ் ஓட்டுகிற வேலப்பன் மாமாதான் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னான். உர மூட்டை ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது உன் அப்பா அதே வளைவில் நட்டநடு ரோட்டில் நின்றுவிட்டாராம். மறுபடி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டு பள்ளத்துப் பக்கமாகப் போக, பின்னால் வந்த இவன் பஸ்ஸை விட்டுக் குதித்து ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்கிறான். "அக்கா, மாமன் கை நடுங்குதுங்க. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு" என்றான். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் போடாத கை அது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை, தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டால் அவருடையதா என்று எழுந்து ஓடுகிறேன்.

இப்போது லோடு போகும்போது நானும் முன்சீட்டில் ஏறிக்கொள்கிறேன். சேந்தமங்கலத்தில் பல் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று ஒரு பொய். கண்ணை மூடுவதில்லை, நான் மூடினால் அவர் பயந்துவிடுவார். முதல் நாள் ஒன்பதில் நிறுத்தினார். நான் பலகையைப் பார்த்து, அடுத்தது எட்டுங்க என்று மட்டும் சொன்னேன். கியரைப் போட்டு எடுத்தார். ஏழு, ஆறு என்று ஒன்றுவரை சொல்லிக்கொண்டே வந்தேன். காரவள்ளியில் டீ வாங்கினார், டம்ளர் ஆடி டீ சட்டையில் சிந்தியது, இரண்டு பேரும் அதைப் பார்க்காதது போல இருந்துவிட்டோம்.

உன் கதை நன்றாக இல்லை என்று நான் சொல்லவில்லை. நன்றாக இருப்பதால்தான் இந்தப் பாடு. அதை மாற்றவும் வேண்டாம். நீ விட்டுவிட்ட எட்டு வளைவையும் எழுதி எனக்கு அனுப்பு, பத்திரிகைக்கு இல்லை, அவருக்கு. எழுபதில் எழுதினாயே, அதுபோல ஒவ்வொன்றும் நீளமாக, மூச்சு விட இடம் வைத்து எழுது. காரவள்ளியில் அவர் டீ குடிக்கட்டும். இதிலும் முடிவை முதல் வரியிலேயே வைத்துவிடு, அன்றைக்கு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று. நான் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுப் படித்துக் காட்டுகிறேன், இந்தத் தடவை முழுசாகக் குடிப்பார்.

அனுப்பிய ராகி மாவைப் பூச்சி விழாமல் சலித்து வை. வெளிச்சாப்பாட்டைக் குறை. நோய்நொடி அண்டாமல், எழுதுகிற கை சோராமல் அம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். கடிதம் வந்த விஷயத்தைப் போனில் உளறிவிடாதே. உன் தாள் வருகிறவரைக்கும் எனக்குப் பல் வலிதான்.

என்றும் உன் அம்மா,
மயிலம்மாள்