கை உயர்ந்திருந்தது: நடுவர் எண் 41-இன் முறையீடு

அனுப்புநர்:
சாஃப்ட்பால் நடுவர், பதிவு எண் 41 (தற்போது இரண்டாண்டு நீக்கத்தில்),
கல்லூரி நூலகர்,
அச்சகத்தின் மேல்மாடி, மருந்துக்கடைத் தெரு.

பெறுநர்:
விளையாட்டுத் துறை இணை இயக்குநர் அவர்கள்,
விளையாட்டரங்க வளாகம்.

பொருள்: மகளிர் இறுதி ஆட்டத்தில் நான் கை உயர்த்தவே இல்லை என்ற நடுவர் குழுவின் முடிவு பொய்யானது – நீக்க ஆணையை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதினேழு ஆண்டுகளாக கேட்சருக்குப் பின்னால் நின்று தீர்ப்பு சொல்லி வருகிறேன். பால், ஸ்ட்ரைக் என்று கூவுவது அந்த வேலையில் பாதிதான். மறுபாதி, வீசுபவருக்கும் அடிப்பவருக்கும் நடுவே உள்ள நேரத்தைக் காப்பது. எங்கள் சங்க விதிப்படி, பந்து கைக்கு வந்த இருபது விநாடிக்குள் வீச வேண்டும். நடுவர் அழைத்த பத்து விநாடிக்குள் அடிப்பவர் கட்டத்தில் தயாராக வேண்டும்; தவறினால் அவர் கணக்கில் ஒரு ஸ்ட்ரைக். அவர் தயாராகும்வரை நடுவர் உள்ளங்கையை உயர்த்திக் காட்டுவார். கை மேலே இருக்கும்போது வீசிய பந்து செல்லாது. அதை அடித்து எங்கே அனுப்பினாலும் செல்லாது.

2. சென்ற மாதம் 19-ஆம் தேதி இறுதி ஆட்டம். கடைசிச் சுற்று, சமநிலை, இருவர் அவுட், மூன்றாம் தளத்தில் ஒரு வீராங்கனை; அவர் ஓடி வந்து சேர்ந்தால் கோப்பை. அடிக்க வந்தவர் ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் பெண். பின்னங்காலை ஊன்றிக்கொண்டே, கொஞ்சம் பொறுங்கள் என்று என்னைத் திரும்பிப் பார்த்துக் கை காட்டினார். நான் கையை உயர்த்தினேன். வீசுபவர் அவசரப்பட்டு வீசிவிட்டார். இவர் அடித்துவிட்டார். பந்து வலப்புற வேலியில் மோதியது. கோப்பை கிடைத்துவிட்டதாக அணியே மைதானத்துக்குள் ஓடி வந்தது. செல்லாது என்றேன். மறுபடி வீசிய பந்தில் அவர் அவுட். சமநிலை நீடித்ததால் ஆடிய கூடுதல் சுற்றில் அவர் அணி தோற்றது.

3. தோற்ற அணியின் புரவலரே நடுவர் குழுவின் தலைவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் பயிற்சி கொடுத்த அணியின் வீராங்கனை ஷூ நாடா கட்டிக்கொண்டே பத்து விநாடியைக் கடந்தபோது ஸ்ட்ரைக் கொடுத்தவன் நான். அன்றிலிருந்து அவர் எனக்கு வணக்கம் சொல்வதில்லை. என் மகள் திருமணத்துக்கு வந்தவர், மேடை ஏறாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். அதையும் நான் மறக்கவில்லை.

4. விசாரணை, மடக்கிய டேபிள் டென்னிஸ் மேசைகளுக்கு நடுவே, நான்கு நிமிடம் நடந்தது. அன்று தளங்களின் அருகே நின்ற தள நடுவரை அழைக்கவில்லை. அவர் என் மனைவியின் தம்பி. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "கைய பார்த்தேன் மச்சான், நல்லாவே பார்த்தேன். எழுதிக் கொடுன்னா மட்டும் கேக்காதீங்க. அடுத்த சீசன் எனக்கு மேட்ச் வேணாமா?" என்றார். காபி மட்டும் கொடுத்தார்.

5. ஒன்றை மறைக்க விரும்பவில்லை. கை உயர்த்தினேனே தவிர, "நோ பிட்ச்", அதாவது இந்த வீச்சு செல்லாது என்று உடனே கூவவில்லை. கையைப் பார்த்தால் வீசுபவர் நின்றுவிடுவார் என்று இருந்துவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் எல்லாரும் நின்றிருக்கிறார்கள். மட்டையில் பந்து பட்ட பிறகே என் வாய் திறந்தது. அந்தப் பெண் ஓடிய ஓட்டம் வீணானதற்கு என் தாமதமும் காரணம். இதைக் குழுவிடமும் சொன்னேன். ஆனால் ஆணையில் தாமதம் என்ற சொல்லே இல்லை. கையே உயரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

6. என் தீர்ப்பால் கோப்பையை இழந்த அந்தப் பெண்ணே கையெழுத்திட்டுத் தந்த வாக்குமூலத்தை இணைத்துள்ளேன். அவர் சொன்னபடியே எழுதப்பட்டது: "நான்தான் நிறுத்தச் சொன்னேன். சார் கை தூக்கினத பார்த்தேன். பந்து வாகா வந்துச்சு, என் கை சும்மா இருக்கல. கோச் திட்டுவாரு. திட்டட்டும்."

7. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. ஐம்பதைக் கடந்தவரின் பதிவு ஒருமுறை விட்டுப்போனால் மீண்டும் கிடைக்காது. புதுப்பிக்கக் கடைசி நாள் இம்மாதம் 30; நீக்கத்தில் இருப்பவர் புதுப்பிக்க முடியாது. ஆகவே இந்த இரண்டாண்டு நீக்கம் எனக்கு ஆயுள் நீக்கம்.

எனவே, தள நடுவரையும் அந்த வீராங்கனையையும் தாங்கள் நேரில் அழைத்து விசாரித்து, 30-ஆம் தேதிக்கு முன் ஆணையைத் திருத்தித் தர வேண்டுகிறேன். வாய் திறக்கத் தாமதித்ததற்கு என்ன தண்டனை உண்டோ அதைத் தாருங்கள், வாங்கிக்கொள்கிறேன். கை உயர்த்தாதவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக மாட்டேன். பதில் வரும்வரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்குத் தங்கள் அலுவலக வாசலில் இருப்பேன்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: 12, செவ்வாய்

இப்படிக்கு,
(ஒப்பம்)
நடுவர், பதிவு எண் 41

இணைப்பு: வீராங்கனையின் வாக்குமூலம், ஒரு பக்கம்.